மண்ணுக்குள் கிடைத்த பழைய காசு... புளி போட்டுத் தேய்க்கலாமா? தேய்த்தால் என்ன ஆகும்?

தென்காசி மாவட்டம் வடகரை பக்கம் வயலில் டிராக்டர் ஓடுகிறது. அச்சன்புதூரில் யாரோ வீடு கட்ட வானம் தோண்டுகிறார்கள். பண்பொழியில் ஒரு குளத்தைத் தூர்வாருகிறார்கள். அள்ளிப் போட்ட மண்ணில், பச்சையும் கறுப்புமாக ஒரு வட்டத் துண்டு கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் காசு மாதிரி இருக்கு. ஆனால் எழுத்து எதுவும் தெரியல.

அடுத்து என்ன நடக்கும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். "வீட்டுக்குக் கொண்டு போய் புளியப் போட்டுத் தேய்ச்சுப் பாருல, பளபளன்னு ஆயிரும்" என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார். இன்னொருவர் எலுமிச்சை என்பார். யூடியூப்பில் தேடினால் கோலா பானத்தில் ஊறப்போடச் சொல்வார்கள்.

காசு பளபளன்னு ஆகிவிடும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பல நேரங்களில் அது காசாக இருக்காது. வெறும் செம்புத் தகடாகத்தான் இருக்கும்.

ஏன் அப்படி? மண்ணில் கிடைத்த காசை சுத்தம் பண்ணவே கூடாதா? சட்டம் என்ன சொல்கிறது? தாத்தாவின் பெட்டியில் இருந்த காசை என்ன செய்யலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காசு மேல இருக்கிறது அழுக்கா?

பாதிதான் அழுக்கு. மேலே ஒட்டியிருக்கும் மண் அழுக்கு. அதற்குக் கீழே இருக்கும் பச்சை, சிவப்பு, கறுப்புப் படலம் அழுக்கு இல்லை. அது காசிலிருந்தே உருவானது.

செம்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறுவதை வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். அதே விஷயம்தான் மண்ணுக்குள் பல நூறு வருஷமாக, ரொம்ப மெதுவாக நடக்கிறது. செம்பு முதலில் ஆக்சிஜனோடு சேர்ந்து ஒரு சிவப்புப் படலமாகிறது. பிறகு மண்ணில் உள்ள ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் சேர, அதன் மேல் பச்சைப் படலம் படிகிறது.

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கு. எழுத்தும் உருவமும் இந்தப் படலத்துக்கு அடியில் பத்திரமாக இருக்கு, படலத்தைத் தேய்த்து எடுத்தால் பளிச்சென்று தெரியும் என்றுதான் நாம் நினைக்கிறோம். ரொம்ப காலம் புதைந்திருந்த காசில் நிலைமை பெரும்பாலும் தலைகீழ். காசின் மேல்பரப்பே படலமாக மாறிவிட்டிருக்கும். ராஜாவின் பெயர், மீன், சங்கு எல்லாம் அந்தப் படலத்தில்தான் பதிந்து நிற்கும். அதைக் கரைத்தால் எழுத்தும் சேர்ந்து கரைந்துவிடும். அடியில் மிஞ்சுவது குழி விழுந்த செம்பு மட்டும்தான்.

புளி, எலுமிச்சை, பவுடர்... எது என்ன செய்யும்?

புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம். வினிகரில் அசிட்டிக் அமிலம். கோலா பானத்தில் பாஸ்பாரிக் அமிலம். இவை எல்லாமே களிம்பைக் கரைக்கும். குத்துவிளக்குக்கும் செம்புக் குடத்துக்கும் அது நல்லதுதான். அதில் எழுத்து இல்லை, தடிமனும் அதிகம். ஆனால் ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத காசுக்கு அது ஆபத்து.

உப்பு சேர்த்துத் தேய்ப்பது இன்னும் மோசம். உப்பில் உள்ள குளோரைடு செம்புக்கு முதல் எதிரி. அதைக் கீழே தனியாகப் பார்ப்போம்.

பாத்திரம் தேய்க்கும் பவுடர், செங்கல் தூள், விபூதி, டூத் பேஸ்ட் இவை எல்லாம் உரசிச் சுத்தம் செய்பவை. வெள்ளிக் காசில் விபூதி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகும். கூடவே கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் கீறலும் விழும். நாணயம் சேகரிப்பவர்கள் லென்ஸை வைத்த உடனே "இது தேய்ச்ச காசு" என்று கண்டுபிடித்துவிடுவார்கள். விலையும் அங்கேயே இறங்கிவிடும்.

வெள்ளிக்கு அலுமினியம் ஃபாயிலும் சமையல் சோடாவும் போட்டு வெந்நீரில் வைக்கும் முறையும் பரவலாகச் சொல்லப்படுகிறது. கறுப்பு போகும் என்பது உண்மை. ஆனால் மண்ணில் கிடந்த பழைய வெள்ளி உள்ளுக்குள்ளேயே உளுத்துப் போயிருக்கலாம். அதை வீட்டில் வைத்து சோதித்துப் பார்ப்பது தேவையில்லாத ரிஸ்க்.

ஈயக் காசாக இருந்தால் வினிகர் பக்கமே போகக்கூடாது. அசிட்டிக் அமிலம் ஈயத்தை அரித்து வெள்ளைத் தூளாக்கிவிடும். அந்தத் தூள் விஷம்.

தங்கத்துக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை குறைவு. சுத்தத் தங்கம் மண்ணுக்குள் எத்தனை வருஷம் கிடந்தாலும் களிம்பு ஏறாது. ஆனால் மென்மையான உலோகம் என்பதால் தேய்த்தால் எளிதில் கீறல் விழும்.

சரி, எழுத்து போனா என்ன போகுது?

ஒரு உதாரணம் பார்ப்போம். சங்க காலப் பாண்டியர்கள் காசு வெளியிட்டார்களா என்ற கேள்விக்கு, ராஜாவின் பெயரோடு ஒரு பதில் 1980களில்தான் கிடைத்தது. நாணயவியல் ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி அடையாளம் கண்ட ஒரு சிறிய செம்புக் காசு அது. ஒரு பக்கம் குதிரை. மறுபக்கம் மீன் சின்னம். குதிரைக்கு மேலே தமிழ் பிராமி எழுத்தில் 'பெருவழுதி' என்ற பெயர்.

அதே மாதிரி கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த காசுகளில் 'மாக்கோதை', 'கொல்லிப்பொறை' என்ற சேரர் பெயர்கள் படிக்கப்பட்டன. இலக்கியத்தில் மட்டுமே கேள்விப்பட்ட பெயர்களும் பட்டங்களும் உலோகத்தில் கிடைத்த தருணம் அது.

யோசித்துப் பாருங்கள். விரல் நகம் அளவு காசு. அதில் மில்லிமீட்டர் கணக்கில் உயரம் உள்ள எழுத்துகள். கண்டெடுத்தவர் ஒருவர் புளி போட்டு அரை மணி நேரம் தேய்த்திருந்தால், அந்தக் காசு எடைக்குப் போட்ட பழைய செம்பாகத்தான் முடிந்திருக்கும்.

தென்காசி பக்கம் எந்த மாதிரி காசுகள் இருக்க வாய்ப்பு?

இந்தப் பகுதி பல ஆட்சிகள் சந்தித்த இடம். 15-ஆம் நூற்றாண்டில் தென்காசியைத் தலைநகராகக் கொண்டு பாண்டியர்கள் ஆண்டார்கள். காசி விஸ்வநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் அந்த மரபில் வந்தவர். பாண்டியர் காசு என்றால் மீன் சின்னம்தான் முதல் அடையாளம்.

பக்கத்து ஊரான செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு, அதாவது அப்போதைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதற்கு முன்பு அது திருவிதாங்கூர் பக்கம். தென்காசியோ பிரிட்டிஷ் மதராஸ் மாகாணத்தில் இருந்தது. அதனால் ஒரே சந்தையில் இரண்டு அரசுகளின் காசும் புழங்கக்கூடிய எல்லைப் பகுதி இது.

திருவிதாங்கூர் கணக்கு தனி. 16 காசு சேர்ந்தால் 1 சக்கரம். 4 சக்கரம் 1 பணம். 7 பணம், அதாவது 28 சக்கரம், சேர்ந்தால் 1 திருவிதாங்கூர் ரூபாய். பழைய வெள்ளிச் சக்கரம் ஒன்றின் எடை அரை கிராம்கூட வராது. அவ்வளவு பொடிசாக இருந்ததால், குழிகள் போட்ட சக்கரப் பலகை என்ற மரப்பலகையில் கொட்டித்தான் எண்ணுவார்கள். இப்படிப்பட்ட காசைப் பவுடர் போட்டுத் தேய்த்தால் என்ன மிஞ்சும்?

திருவிதாங்கூர் செம்புக் காசுகளில் சங்கு முத்திரை இருக்கும். சிலவற்றில் கொல்லம் ஆண்டு பொறித்திருப்பார்கள். 1114 என்று இருந்தால் அது கி.பி. 1114 இல்லை. அதோடு 824 அல்லது 825 கூட்ட வேண்டும், அதாவது 1938-39. ஆயிரம் வருஷக் காசு என்று நினைத்து ஏமாந்து போகவும் கூடாது, யாரையும் ஏமாற்றவும் கூடாது.

மதராஸ் மாகாணம் பக்கம் கிழக்கிந்திய கம்பெனியின் செம்புக் காசுகள் புழங்கின. 1808 என்று ஆண்டு போட்ட 10 காசு, 20 காசு நாணயங்கள் அவற்றில் பிரபலம். அந்தக் காசுகளை மதராசுக்கு ஏற்றி வந்த 'அட்மிரல் கார்டனர்' என்ற கப்பல் 1809-ல் இங்கிலாந்துக் கரையை ஒட்டியே மூழ்கிவிட்டது. 1980களில் அதிலிருந்து லட்சக்கணக்கான காசுகளை எடுத்தார்கள். இறுக்கமாக மூடிய மரப் பீப்பாய்க்குள் இருந்த காசுகள் பல, கடலுக்கடியில் சுமார் 175 வருஷம் கிடந்தும் நல்ல நிலையில் இருந்தன. காரணம் சிம்பிள். உப்புத் தண்ணீரும் காற்றும் அவ்வளவாக உள்ளே போகவில்லை. காசைக் கெடுப்பது வயசு இல்லை. ஈரமும் உப்பும் காற்றும்தான்.

பச்சை எல்லாம் ஒரே பச்சை இல்லை

இதைக் கட்டாயம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கெட்டியாக, வழுவழுப்பாக, அடர் பச்சையாக இருந்தால் அது காசுக்குக் கவசம். தொட வேண்டாம்.

வெளிர் பச்சையில், தொட்டால் மாவு மாதிரி உதிரும் புள்ளிகள் இருந்தால் அது நோய். இதற்கு 'வெண்கல நோய்' என்றே பெயர். மண்ணில் இருந்த குளோரைடு, செம்போடு சேர்ந்து காசுக்குள் தங்கியிருக்கும். வெளியே எடுத்ததும் காற்றும் ஈரமும் பட்டு அது அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் இன்னும் கொஞ்சம் செம்பைத் தின்னும். அதிலிருந்து மறுபடி அமிலம். இப்படி நிற்காமல் ஓடும் ஒரு சுற்று அது. கவனிக்காமல் விட்டால் காசு ஓட்டை விழுந்து உதிர்ந்துவிடும்.

குற்றாலச் சாரல் காலத்தில் வீட்டுச் சுவரே ஈரமாக இருக்கும் ஊர் நம்முடையது. அந்த மாதங்களில் இந்த நோய்க்குக் கொண்டாட்டம்தான். காற்றில் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இது பெரும்பாலும் அடங்கும். அதற்கு எளிய வழி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளோடு வைப்பது. உப்பும் புளியும் போட்டுத் தேய்ப்பது இதற்கு நேர் எதிரான வேலை. நோய்க்குத் தீனி போடுகிற மாதிரி.

மண்ணில் கிடைத்த காசு யாருக்குச் சொந்தம்?

"நான் கண்டுபிடிச்சேன், எனக்குத்தான்" என்று சொல்ல முடியாது. 1878-ம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

அதன்படி:

• மண்ணுக்குள் மறைந்திருந்த, மதிப்புள்ள எதுவும் புதையல்தான். அதன் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். பானை நிறைய இருக்க வேண்டும் என்பதில்லை.

• என்ன கிடைத்தது, அதன் தோராய மதிப்பு, எந்த இடம், எந்தத் தேதி ஆகிய விவரங்கள் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும். அல்லது கேட்கும்போது கொண்டு வருவதாக உத்தரவாதம் தர வேண்டும்.

• ஆட்சியர் அறிவிப்பு வெளியிட்டு, உரிமை கோருபவர்களை விசாரிப்பார். இதற்கு 4 முதல் 6 மாத அவகாசம் உண்டு.

• உரிமையாளர் யாரும் இல்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு. நிலத்தின் சொந்தக்காரருக்கு நான்கில் ஒரு பங்கு.

• அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால், அந்த உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சேர்த்துக் கொடுக்கும்.

• சொல்லாமல் மறைத்தால் கண்டெடுத்தவரின் பங்கு அரசுக்குப் போய்விடும். ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

கடைசிக்கு முந்தைய விதியைக் கவனித்தீர்களா? உலோகத்தின் மதிப்புதான் கணக்கு. ஒரு சின்னச் செம்புக் காசின் உலோக விலை சில ரூபாய்தான். சரித்திர மதிப்பு அதில் வராது. 'சொன்னா என்ன கிடைக்கப் போகுது' என்று மக்கள் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். பிரிட்டனில் 1996-ம் ஆண்டு புதையல் சட்டப்படி சந்தை விலையை ஒட்டி வெகுமதி தருகிறார்கள். 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் அங்கே உண்டு. அங்கே மெட்டல் டிடெக்டரோடு அலைவது ஒரு பொழுதுபோக்கு. அவர்களுக்கும் முதலில் சொல்லித் தரும் பாடம், கிடைத்ததை வீட்டில் வைத்துத் தேய்க்காதே என்பதுதான்.

முறையாக ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கு. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயில் வளாகத்தில் மண்ணைத் தோண்டியபோது ஒரு பாத்திரம் கிடைத்தது. உள்ளே 505 தங்க நாணயங்கள். மொத்த எடை 1.716 கிலோ. எண்ணி, எடை போட்டு, அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். எத்தனை காசு, என்ன எடை, எங்கே கிடைத்தது என்று இன்று நாம் சொல்ல முடிவதே அதனால்தான்.

மெட்டல் டிடெக்டர் வாங்கித் தேடலாமா?

ஆன்லைனில் இந்தக் கருவி எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் கருவி கிடைப்பதும், தோண்டுவதற்கு அனுமதி கிடைப்பதும் ஒன்றில்லை.

பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களிலும் தொல்லியல் இடங்களிலும் அனுமதி இல்லாமல் தோண்டுவது குற்றம். மத்திய அரசின் 1958-ம் ஆண்டு சட்டம், தமிழ்நாடு அரசின் 1966-ம் ஆண்டு சட்டம் இரண்டும் இதைப் பற்றியவை. மற்றவர் நிலத்தில் கேட்காமல் தோண்டுவதும் தப்புதான்.

சட்டத்தைத் தாண்டி இன்னொரு நஷ்டமும் இருக்கு. காசு எந்த ஆழத்தில், எந்த மண் அடுக்கில், எந்தப் பானை ஓட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அந்த இடத்தின் காலத்தைச் சொல்வார்கள். காசை மட்டும் பிடுங்கி எடுத்துவிட்டால் அந்தத் தகவல் திரும்ப வராது. புளி எழுத்தை அழிக்கும். கண்டபடி தோண்டுவது இடத்தையே அழிக்கும்.

காசு கிடைத்துவிட்டது... உடனே என்ன செய்யணும்?

1. தோண்டுவதை நிறுத்துங்கள். பக்கத்தில் இன்னும் காசு, பானை ஓடு இருக்கலாம்.

2. கிடந்த இடத்தை செல்போனில் போட்டோ எடுங்கள். லொகேஷனைச் சேமியுங்கள். ஆழம் எவ்வளவு என்று குறித்து வையுங்கள்.

3. காசை விளிம்பில் பிடியுங்கள். விரலில் உள்ள வியர்வையிலும் உப்பு இருக்கு.

4. கழுவ வேண்டாம், தேய்க்க வேண்டாம். மண்ணோடு ஒரு காகிதக் கவரில் போடுங்கள். பல காசுகள் ஒட்டிப் போயிருந்தால் பிரிக்காதீர்கள்.

5. கிராம நிர்வாக அலுவலர் அல்லது தாசில்தாரிடம் சொல்லி, ஆட்சியருக்குக் கடிதம் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு யார் சுத்தம் செய்வார்கள்?

அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நாணயவியல் பிரிவும், வேதியியல் பாதுகாப்பு ஆய்வகமும் உண்டு. 1930களிலேயே அங்கே பழைய செப்புத் திருமேனிகளின் களிம்பை மின்வேதியியல் முறையில் நீக்கும் வேலை தொடங்கிவிட்டது.

ஆய்வகத்தில் முதல் வேலை சுத்தம் செய்வது இல்லை, பார்ப்பதுதான். எடை, விட்டம், போட்டோ, மைக்ரோஸ்கோப். பிறகுதான் எந்தப் படலத்தை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்வார்கள். எழுத்து தெரியும் அளவுக்கு மட்டும் மேல்மண்ணை நீக்கி அதோடு நிறுத்துவதும் உண்டு. நோய் பிடித்த காசுக்குத் தனி ரசாயனம் இருக்கிறது. அதில் சில உடம்புக்குக் கேடானவை; வீட்டில் முயற்சி செய்யவே கூடாது.

தாத்தா பெட்டியில் இருந்த காசை என்ன பண்ணலாம்?

வீட்டில் பரம்பரையாக இருக்கும் காசு, கடையில் வாங்கிய காசு இவை புதையல் இல்லை. ஆனால் 100 வருஷத்துக்கு மேல் பழையது என்றால், 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி வெளிநாட்டுக்கு அனுப்பி விற்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சுத்தம் என்றால் அளவோடு:

• டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போட்டு, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கலாம், வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீர் என்றால் சரி. பேட்டரி ஆசிட் இல்லை, பார்த்து வாங்குங்கள்.

• இளகிய மண்ணை மட்டும் மரப் பல்குச்சியால் மெதுவாகத் தள்ளுங்கள். ஊசி, பிளேடு, கம்பி பிரஷ் கூடாது.

• துடைக்காமல், மெல்லிய துணியில் ஒற்றி எடுங்கள். நிழலில் முழுசாகக் காய விடுங்கள்.

• எண்ணெய், மெழுகு, வார்னிஷ் எதுவும் பூச வேண்டாம்.

• வளையும் பிவிசி பிளாஸ்டிக் கவர் வேண்டாம். நாளாக நாளாக அதுவே அமிலம் விட்டு, காசில் பச்சைப் பிசுபிசுப்பை உண்டாக்கும். காகிதக் கவரும் சிலிக்கா ஜெல்லும் போதும்.

• வெள்ளி ரூபாயில் ஏறிய கறுப்பை அப்படியே விடுங்கள். அதுதான் அந்தக் காசு தேய்க்கப்படாதது என்பதற்குச் சாட்சி.

தண்ணீரில் போட்ட பிறகும் எழுத்து தெரியவில்லையா? பக்கவாட்டில் டார்ச் அடித்து, செல்போனில் போட்டோ எடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்தின் மேடு பள்ளம் நிழலில் தெரியும். தேய்த்துப் பார்ப்பதைவிட இது நல்ல வழி. காசுக்கும் ஒரு கீறல் விழாது.

கடைசியாக ஒன்று. தேய்க்காமல் விட்ட காசை நாளைக்குக்கூட சுத்தம் செய்யலாம். தேய்த்துவிட்ட காசில் போன எழுத்தை எந்த ஆய்வகத்தாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. அதனால் வயலில் காசு கிடைத்தால் முதலில் போனை எடுத்துப் போட்டோ பிடியுங்கள். புளி, ரசத்துக்கு இருக்கட்டும்.